டென்ஸும் ‘ஹி’, ‘ஷி’யும்: தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருபவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள், தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பாடம் சொல்லித்தரும் அப்பா அம்மாக்கள், முதல் தடவையாக ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கப்போகும் ஆசிரியர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. விதிகள் எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கின்றன, அவற்றைத் திரும்ப எழுதவில்லை. தமிழ் பேசும் பிள்ளை எந்த இடத்தில் சறுக்குகிறது, ஏன் அங்கே சறுக்குகிறது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். நான் பார்த்தவரை, தப்பான இங்கிலீஷ் வாக்கியத்துக்கு அடியில் அநேகமாக ஒரு சரியான தமிழ் வாக்கியம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணையாகப் போட்டு முதலிலேயே சொல்லித்தர வேண்டுமா?

வேண்டாம். அந்த அட்டவணை சுவரில் தொங்கட்டும், தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடாது. மூன்று காலத்தை நான்கு வகையால் பெருக்கிப் பன்னிரண்டு என்கிறோம். அந்தப் பன்னிரண்டில் ‘ஐ ஷல் ஹேவ் பீன் ஈட்டிங்’ என்ற ரகத்தை, வகுப்புக்கு வெளியே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. வினைச்சொல்லே உருமாறிக் காலம் காட்டுவது இங்கிலீஷில் இரண்டுதான்: ‘ஈட்’, ‘ஏட்’. எதிர்காலத்துக்கு என்று தனி உருவம் கிடையாது, ‘வில்’லைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். நமக்கோ உண்டான், உண்கிறான், உண்பான் என்று மூன்றும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே காலம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு நாம் சொல்லித்தரவில்லை. ஏற்கெனவே ஒரு நல்ல ஏற்பாட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு வேறொரு ஏற்பாட்டைக் காட்டுகிறோம்.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் ‘ஐ ஆம் ரைட்டிங்’ வகை, ஏனென்றால் அதைச் செய்துகாட்டியே சொல்லிவிடலாம். அப்புறம் தினசரி வழக்கத்துக்கு ‘ஐ ரைட்’. பிறகு நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, கடைசியாக ‘ஐ ஹேவ் ரிட்டன்’. இந்த ஐந்தும் கைவந்தால் மற்றவை தேவைப்படும்போது தானாக ஒட்டிக்கொள்ளும்.

‘டெய்லி ஐ வில் கோ டு ஸ்கூல்’ என்றே எழுதுகிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் போகவில்லையே?

எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் நான் பெரிய கேள்வி என்பேன்.

ஒரு ஏழாம் வகுப்புப் பையன் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்தான். ‘மை கிராண்ட்மதர் வில் கெட் அப் அட் ஃபோர். ஷி வில் புட் கோலம். ஷி வில் டிரிங்க் காஃபி. ஷி வில் ஸ்கோல்ட் மை கிராண்ட்ஃபாதர்.’ நான்கு ‘வில்’லையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி, “இதைத் தமிழில் சொல்லுடா” என்றேன். “பாட்டி நாலு மணிக்கு எந்திரிப்பாங்க, கோலம் போடுவாங்க, காப்பி குடிப்பாங்க, தாத்தாவைத் திட்டுவாங்க” என்றான். நான்கு வாக்கியத்திலும் ஒரு பிசகு இல்லை. எழுந்திரிப்பார், போடுவார் என்பது எதிர்கால வினை, எதிர்காலத்துக்கு இங்கிலீஷில் ‘வில்’ என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பையன் என் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறான்.

தமிழில் இந்த ஒரே உருவம் மூன்று வேலை செய்கிறது. “நாளைக்குக் குளிப்பேன்” என்றால் எதிர்காலம். “தினமும் ஆத்துல குளிப்பேன்” என்றால் வழக்கம். “சின்ன வயசுல ஆத்துல குளிப்பேன்” என்றால் எப்போதோ முடிந்துபோன வழக்கம். சொல் மாறவில்லை, பக்கத்தில் இருக்கும் ‘நாளைக்கு’, ‘தினமும்’, ‘சின்ன வயசுல’ என்பவைதான் காலத்தைக் காட்டுகின்றன. இது பேச்சுவழக்கில் வந்த சோம்பேறித்தனமும் இல்லை. மூன்று காலத்துக்கும் பொதுவான இயல்பைச் சொல்ல ‘செய்யும்’ என்ற வடிவத்தைத் தொல்காப்பியமே காட்டுகிறது. ‘மலை நிற்கும்’ என்பது உரையாசிரியர்கள் தரும் உதாரணம். மலை நாளைக்குத்தான் நிற்கப்போகிறது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை.

இங்கிலீஷ் இந்த மூன்று வேலைக்கும் மூன்று ஆளை வைத்திருக்கிறது. நாளைக்கு என்றால் ‘ஐ வில் பேத்’. தினமும் என்றால் வெறும் ‘ஐ பேத்’. அப்போதெல்லாம் என்றால் ‘ஐ யூஸ்ட் டு பேத்’.

நான் கரும்பலகையின் மூன்று மூலையில் ‘அப்பல்லாம்’, ‘தினமும்’, ‘நாளைக்கு’ என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளை ‘வில்’ என்று ஆரம்பித்தவுடன் நான் திருத்துவதில்லை, “தினமுமா, நாளைக்கா?” என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்லும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மாதம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நாளில் போகிற பழக்கம் இல்லை இது.

‘ஹி கோ’, ‘ஷி ஈட்’ என்று அந்தக் கடைசி ‘எஸ்’ஸை விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் ஆளுக்கொரு விகுதி உண்டு: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது. ஒரு காலத்தில் இங்கிலீஷிலும் இப்படி நிறைய இருந்து உதிர்ந்துபோயின, மிச்சம் இருப்பது இந்த ஒரு ‘எஸ்’தான் என்று சொன்னால் பிள்ளைகள் அதைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் வேறு. பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ சேர்த்தால் பன்மை என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். இப்போது வினையில் ‘எஸ்’ சேர்த்தால் ஒருமை என்கிறோம். இதற்கு எனக்குக் கைகொடுத்த ஒரே வழி: ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘எஸ்’தான் கொடுத்திருக்கிறார்கள், பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்குக் கிடைக்காது. ‘பாய்ஸ் ரன்’, ‘பாய் ரன்ஸ்’. ‘சில்ட்ரன்’ வரும்போது இந்த வித்தை உதைக்கும், அன்றைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எப்போது ‘ஐ கம்’, எப்போது ‘ஐ ஆம் கமிங்’?

‘வருகிறேன்’ என்ற ஒரு சொல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் வரும் சிக்கல். பேச்சில் நாம் இரண்டையும் பிரிக்கத்தான் செய்கிறோம், ‘எழுதிட்டு இருக்கேன்’ என்று சொன்னால் அது அச்சு அசல் ‘ஐ ஆம் ரைட்டிங்’. ஆகவே ‘-ட்டு இருக்கேன்’ என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ‘-இங்’.

இந்தச் சோதனை தடுக்கி விழும் இடம் ‘தெரியும்’, ‘பிடிக்கும்’, ‘வேண்டும்’ போன்றவை. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு இன்னொரு கேள்வி வைத்திருக்கிறேன்: இதை வீடியோ எடுக்க முடியுமா? ஓடுவதை எடுக்கலாம், சாப்பிடுவதை எடுக்கலாம். தெரிந்திருப்பதை எடுக்க முடியாது, அண்ணன் தம்பி இருப்பதையும் எடுக்க முடியாது. எடுக்க முடியாத வினைக்கு ‘-இங்’ வேண்டாம். ‘ஹேவிங் லஞ்ச்’ மட்டும் சரியா என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது, அதை வீடியோ எடுக்கலாம்.

‘-இங்’ மோகத்துக்கு நம் லீவ் லெட்டருக்கும் பங்குண்டு. ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவருகிறோம். காய்ச்சல் விட்டு, மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கு வந்து, மேஜைமேல் வைக்கும் கடிதத்திலும் அதே ‘ஐ ஆம் சஃபரிங்’. ஒரு நாள் இந்தக் கடிதத்தையே பாடமாக எடுங்கள். படுக்கையில் இருந்தபடி எழுதினால் எப்படி, திரும்பி வந்து எழுதினால் எப்படி என்று இரண்டு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ‘ஐ ஹேட் ஃபீவர்’ என்ற மூன்று சொல்லில் விஷயம் முடிகிறது என்று கண்டதும் வகுப்பே ஆச்சரியப்படும்.

‘லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு சென்னை’ என்று பெரியவர்களே எழுதுகிறார்களே, அது தப்பா?

தப்புதான். ஆபீஸ் மெயில்களில் இதை நிறையப் பார்க்கலாம்: ‘ஐ ஹேட் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே.’

அடியில் இருக்கும் தமிழைப் பாருங்கள். “போன வாரம் சென்னை போயிருந்தேன்.” தமிழில் இது மிக இயல்பு. போய்த் திரும்பியாகிவிட்டது, அதைப் பற்றி இனி ஏதோ சொல்லப்போகிறேன் என்ற தொனி அந்த ‘இருந்தேன்’இல் இருக்கிறது. இங்கிலீஷ் ‘ஹேட் கான்’ அந்தத் தொனியைத் தராது. அதற்கு இரண்டு கடந்தகால நிகழ்ச்சிகள் வேண்டும், ஒன்று முந்தியது, இன்னொன்று பிந்தியது. “நான் ஸ்டேஷன் போனப்ப டிரெயின் போயிருந்தது” என்றால் ‘ஹேட் லெஃப்ட்’ சரி. ஒற்றை நிகழ்ச்சிக்கு ‘ஐ வென்ட்’ போதும்.

பிள்ளைகளிடம், “எதுக்கு முன்னாடி?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ‘ஹேட்’டை அடித்துவிடலாம்.

‘ஐ ஹேவ் சீன்’, ‘ஐ சா’ வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது?

இங்கே தமிழ் நமக்குத் துணை. “தாஜ்மகாலைப் பார்த்திருக்கேன்” என்றால் என்றைக்கு என்பது முக்கியமில்லை, அந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. “2019ல பார்த்தேன்” என்றால் தேதி வந்துவிட்டது. முதலாவது ‘ஐ ஹேவ் சீன்’, இரண்டாவது ‘ஐ சா’. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’ என்று நாள் குறித்துவிட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது. ‘சாப்பிட்டாச்சு’, ‘முடிச்சிட்டேன்’ போன்றவையும் பெரும்பாலும் ‘ஹேவ்’ பக்கம் போகும். அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்றே பேசுவார்கள். படத்தில் கேட்டுவிட்டு வந்து பிள்ளை கேட்டால் அதையும் தப்பென்று சொல்லிவிடாதீர்கள்.

கஷ்டமான இடம் “ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்” என்பது. தமிழில் நிகழ்காலம், அதனால் ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று வருகிறது. இதில் இரண்டு தப்பு. ஒன்று, அப்போது தொடங்கி இப்போதுவரை நீள்கிறதற்கு ‘ஹேவ்’ வேண்டும், இங்கே ‘ஹேவ் பீன்’. இன்னொன்று, ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளிக்கு, ‘ஃபார்’ நீளத்துக்கு. தமிழில் ‘இருந்து’ என்று முடிந்தால் ‘சின்ஸ்’, ‘-ஆ’ என்று முடிந்தால் ‘ஃபார்’: திங்கட்கிழமையிலிருந்து, மூணு நாளா. இதைச் சொன்ன அன்றே பிடித்துக்கொள்வார்கள்.

‘டிட் யூ வென்ட்?’, ‘ஐ டிட் நாட் வென்ட்’. இதற்கு என்ன செய்வது?

காலம் ஒரு தடவை ஏறினால் போதும் என்பது இங்கிலீஷின் கணக்கு. ‘டிட்’ ஏற்கெனவே கடந்தகாலத்தைத் தூக்கிக்கொண்டது, ‘கோ’ வெறுங்கையோடு வரலாம். ‘டஸ்’ வந்தாலும் இதே கதைதான், ‘எஸ்’ஸை ‘டஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டதால் ‘டஸ் ஹி கோ’.

தமிழும் இதையே செய்கிறது என்று காட்டுங்கள். ‘போனேன்’ என்பதை மறுக்கும்போது ‘போனேன் இல்லை’ என்று சொல்வதில்லை, ‘போகவில்லை’ என்கிறோம். ‘போக’வில் காலம் இல்லை. மறுப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: போகவில்லை என்றால் ‘டிட் நாட் கோ’, போவதில்லை என்றால் ‘டு நாட் கோ’, போகமாட்டேன் என்றால் ‘வில் நாட் கோ’. மூன்றிலும் ‘கோ’ அசையவே இல்லை. ஒரு எச்சரிக்கை: பேச்சில் “இன்னிக்கு நான் போகலை” என்றால் போகப்போவதில்லை என்றும் பொருள் உண்டு. அது ‘ஐ ஆம் நாட் கோயிங்’.

‘வாக்ட்’டை ‘வாக்கெட்’ என்று படிக்கிறார்கள்.

எழுத்தைப் பார்த்து அப்படியே படிப்பது தமிழ் கொடுத்த நல்ல பழக்கம், இங்கிலீஷில் அது காலை வாரிவிடும். ‘இ டி’ முடிவுக்கு மூன்று ஒலி: ‘வாக்ட்’டில் வல்லின ‘ட்’, ‘பிளேய்ட்’டில் மெலிதான ‘ட்’, ‘வான்டட்’, ‘நீடட்’ போன்றவற்றில் மட்டும் தனி அசை. வினையே ட ஒலியில் முடிந்தால்தான் தனி அசை என்று சொன்னால் போதும்.

‘மை டீச்சர் ஆர் வெரி குட். தே டீச் வெல்’ என்று எழுதினால் பன்மைத் தப்பு என்று திருத்தலாமா?

திருத்துங்கள். ஆனால் அது பன்மைத் தப்பு இல்லை, மரியாதை. “எங்க டீச்சர் நல்லவங்க, அவங்க நல்லா சொல்லித்தருவாங்க.” ‘அவங்க’ என்பது பலரையும் குறிக்கும், மதிக்கத்தக்க ஒருவரையும் குறிக்கும். பிள்ளையின் மனத்தில் ‘அவங்க’ளுக்கு ‘தே’ என்று பதிந்திருக்கிறது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அம்மாவைப் பற்றி எழுதும்போது ‘ஷி’ போட மறுத்தேவிட்டாள். “அம்மாவைப் போய் ‘அவ’ன்னு சொல்லுவாங்களா மிஸ்?” அவளுக்கு ‘ஷி’ என்றால் ‘அவள்’ என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். அந்தக் கணக்கில் அவள் கேட்டது நியாயம். அன்றிலிருந்து நான் ‘ஹி’ என்றால் ‘அவன்’ என்று சொல்லித்தருவதில்லை. அவன், அவர் என்று இரண்டையும் எழுதி ‘ஹி’ என்பேன், அவள், அவங்க என்று இரண்டையும் எழுதி ‘ஷி’ என்பேன். இங்கிலாந்து ராணியாக இருந்தாலும் ‘ஷி’தான், வீதியில் விளையாடும் சின்னப் பெண்ணும் ‘ஷி’தான். இங்கிலீஷ்காரர்கள் மரியாதையை இந்தச் சொல்லில் வைப்பதில்லை, ‘பிளீஸ்’, ‘குட் யூ’, ‘சர்’ என்று வேறு இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எழுத்துத் தமிழில் ‘அவர்’ ஆணா பெண்ணா என்று காட்டாது. “மருத்துவர் வந்தார். அவர் ஊசி போட்டார்” என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஹி’ போடும். ஆளைத் தெரியாமல் ‘ஹி’யும் போட முடியாது, ‘ஷி’யும் போட முடியாது என்பதை அங்கேயே பேசிவிடுங்கள்.

டீச்சரிடம் ‘யூ’ என்று சொல்லப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ‘மிஸ், மிஸ் டோல்ட் யெஸ்டர்டே’ என்கிறார்கள்.

‘யூ’ என்றால் ‘நீ’ என்று கற்றதன் விளைவு. உண்மையில் அது ‘நீங்கள்’. பழைய இங்கிலீஷில் ‘நீ’க்கு ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது, 1611இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். பலரைக் கூப்பிடவும், பிறகு மரியாதையாக ஒருவரைக் கூப்பிடவும் ‘யூ’. நாளடைவில் எல்லாரும் எல்லாரையும் மரியாதையாகவே கூப்பிடத் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டோடு பொதுப்பேச்சிலிருந்து ‘தௌ’ ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆக, இங்கிலீஷ்காரர்கள் ‘நீ’யைத் தொலைத்துவிட்டு ‘நீங்கள்’ளை வைத்துக்கொண்டவர்கள். ஒரே ஆளிடம் பேசினாலும் ‘யூ ஆர்’, ‘யூ வேர்’ என்று பன்மை வினை வருவதும் இதனால்தான். ‘யூ வாஸ்’ என்று எழுதும் பிள்ளைக்கு “நீங்கள் வந்தாய்னு சொல்லுவியா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும்.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ‘வி’தானா?

ஆமாம். தமிழ் பிரித்துக் காட்டுவதை இங்கிலீஷ் காட்டாது. இதில் பிள்ளைகள் தப்புச் செய்ய வழியே இல்லை. ‘வி ஆர் கோயிங் டு ஈட்’ என்று கேட்டால் நம்மையும் கூப்பிடுகிறார்களா இல்லையா என்பதுதான் புரியாது. அது அவர்கள் மொழியின் கஷ்டம்.

‘ஃபார் மீ ஃபீவர்’, ‘டு மீ டூ சிஸ்டர்ஸ்’ என்பவை எங்கிருந்து வருகின்றன?

‘எனக்கு’விலிருந்து. எனக்குக் காய்ச்சல், எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு ரெண்டு தங்கச்சி. உடம்புக்கும் மனசுக்கும் வந்து சேர்வதையெல்லாம் தமிழ் ‘எனக்கு’ என்று சொல்லும். இங்கிலீஷில் அத்தனைக்கும் ‘ஐ’யை முன்னால் நிறுத்த வேண்டும்: ‘ஐ ஹேவ் ஃபீவர்’, ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ நோ’, ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’. இதை விதியாகச் சொல்வதைவிட, ‘எனக்கு’வில் தொடங்கும் இருபது வாக்கியத்தைப் பிள்ளைகளையே சொல்லவைத்து, ஒவ்வொன்றையும் ‘ஐ’யில் தொடங்கி மாற்றுங்கள். ‘எனக்கு ஒரு பேனா கொடு’ நடுவில் வரும். அங்கே மட்டும் ‘மீ’, ஏனென்றால் கொடுப்பவர் வேறொருவர்.

இன்டர்வியூவில் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கிப் பெயரைச் சொல்வது சரியா?

இல்லை. ‘ஐ ஆம்’ என்று தொடங்குங்கள், அல்லது ‘மை நேம் இஸ்’. செய்தவரும் அந்தச் செயல் போய்ச் சேர்பவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் ‘மைசெல்ஃப்’: ‘ஐ கட் மைசெல்ஃப்’. ‘மீ’ என்றால் மரியாதைக்குறைவு என்று பயந்து ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே ‘மீ’தான் சரி. கூட இருப்பவரை எடுத்துவிட்டு ‘ஐ’, ‘மீ’ எது பொருந்துகிறது என்று சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் காதே காட்டிக்கொடுக்கும்.

‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் அந்த ‘இட்’ எது?

எதுவும் இல்லை. “மழை பெய்யுது” என்றால் பெய்வது மழை. இங்கிலீஷ் வாக்கியத்தில் எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது, ஆள் இல்லாதபோது ‘இட்’டைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். மணி, வெயில், தூரம் எல்லாவற்றுக்கும் அதுதான். தமிழில் ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது, அந்தப் பழக்கத்தில் ‘யெஸ்டர்டே வென்ட் டு டெம்பிள்’ என்று எழுதும் பிள்ளைக்கும் இந்த நாற்காலிக் கதையே மருந்து.

நாய், பூனையை ‘இட்’ என்று சொல்லித்தருகிறோம். வீட்டில் வளர்க்கிறவர்கள் ‘ஹி’, ‘ஷி’ என்பார்கள், இரண்டும் சரி.

‘எவ்ரிஒன் ஷுட் பிரிங் தேர் புக்’ என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே பார்க்கிறேன். ‘எவ்ரிஒன்’ ஒருமை இல்லையா?

ஒருமைதான், வினையும் ‘எவ்ரிஒன் இஸ்’ என்றுதான் வரும். ஆனால் ஆணா பெண்ணா தெரியாத ஒருவருக்கு ‘தே’, ‘தேர்’ போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலீஷில் இருக்கிறது. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் ‘ஹிஸ்’ போடு என்றார்கள், அப்புறம் ‘ஹிஸ் ஆர் ஹர்’ என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு 2019இல் ஒருமை ‘தே’யை ஏற்றுக்கொண்டது. நம் எழுத்துத் தமிழில் ‘அவர்’ என்று ஒரு சொல் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது, அதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பரீட்சைக்கு மட்டும் உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதை எழுதச் சொல்லுங்கள். மார்க் விஷயத்தில் நான் கோழை.

‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’ நடத்தும்போது டென்ஸும் புரோனவுனும் சேர்ந்தே குழம்புகிறது.

“நான் வர்றேன்னு முரளி சொன்னான்.” இதில் வருவது யார்? முரளி. தமிழ் காதுக்குச் சந்தேகமே இல்லை, ‘-ன்னு’ என்பது மேற்கோள்குறி மாதிரி வேலை செய்கிறது. இதை அப்படியே ‘முரளி செட் தட் ஐ ஆம் கமிங்’ என்று மாற்றினால், எழுதியவர் வருவதாக ஆகிவிடும்.

ஆகவே நேராக இங்கிலீஷுக்குப் போகாமல், முதலில் தமிழிலேயே ஒரு படி மாற்றச் சொல்லுங்கள்: “தான் வருவதாக முரளி சொன்னான்.” இப்போது ‘நான்’ போய்த் ‘தான்’ வந்துவிட்டது, ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘ஹி’. அடுத்தபடி டென்ஸ்: ‘செட்’ கடந்தகாலம் என்பதால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் இறங்கும். ‘ஆம் கமிங்’ என்பது ‘வாஸ் கமிங்’ ஆகும், ‘வில் கம்’ என்பது ‘வுட் கம்’ ஆகும். தமிழில் இந்த இறக்கம் கிடையாது, அதனால் இதை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.

போகிறபோக்கில் ஒன்று. ‘முரளி டோல்ட் ராஜு தட் ஹி ஹேட் பாஸ்ட்’ என்றால் பாஸானது முரளியா ராஜுவா என்று இங்கிலீஷில் சொல்ல முடியாது. ‘தான் பாஸானதாக’, ‘அவன் பாஸானதாக’ என்று தமிழ் பிரித்துவிடும். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சின்னப் பெருமிதம் தெரியும், அதைக் கெடுக்க வேண்டாம்.

‘இதோ வந்துட்டேன்’ என்பதை ‘ஐ கேம்’ என்று மாற்றலாமா?

கூடாது, ஏனென்றால் அப்படிச் சொல்கிறவர் இன்னும் பாத்ரூமில் இருப்பார். விரைவைக் காட்ட வராத காலத்தையும் வந்ததாகச் சொல்லலாம் என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. இங்கிலீஷில் ‘ஐ ஆம் கமிங்’.

இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசலாமா?

இதுவரை எழுதியதைப் படித்தாலே என் பதில் தெரிந்திருக்கும். ஒரு பள்ளியில் தமிழ் பேசினால் அபராதம் என்று வைத்திருந்தார்கள். அங்கே பிள்ளைகள் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள், ‘டெய்லி ஐ வில்’ மட்டும் குறையவில்லை. தப்பு எங்கே பிறக்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. பேசிப் பழக இங்கிலீஷ், ஏன் தப்பானது என்று ஆராயத் தமிழ்: இந்தப் பங்கீடு எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

ஒரு கட்டுரையில் எத்தனை தப்பைத் திருத்துவது?

ஒரு வாரத்துக்கு ஒரு வகை. இந்த வாரம் ‘வில்’ என்றால் ‘வில்’ மட்டும், ‘எஸ்’ விட்டுப்போனதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வரும் நோட்டைப் பிள்ளை படிக்காது, மூடிவிடும்.

எனக்கே பேசும்போது டென்ஸ் தப்புகிறது. நான் சொல்லித்தரலாமா?

தாராளமாக. போன மாதம் வகுப்பில் பேச்சுவாக்கில் ‘எவ்ரி சண்டே ஐ வில் கோ டு த மார்க்கெட்’ என்று நானே சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “மிஸ், தினமுமா, நாளைக்கா?” பலகையின் மூலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “வாராவாரம்தான்” என்றேன். “அப்ப ‘வில்’ வேண்டாம் மிஸ்” என்றாள்.